அந்தம்மாவுக்கு அனுபவம் போதுமா

செஞ்சிக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைவீதி சலூனில் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் ஊர் என் மனைவியைப் பற்றி என்ன பேசுகிறது என்பதை முதன்முதலாகக் கேட்டேன்.

என் மனைவி நீதிபதி. ஒன்பது வருடம் உரிமையியல் கோர்ட்டுகளில் இருந்துவிட்டு, சார்பு நீதிபதியாகப் பதவி உயர்வு பெற்று இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தாள். எனக்கு வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. சமையல், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது, கடை கண்ணி எல்லாம் என் பொறுப்பு. அதனால் ஊரில் பலருக்கு என் முகம் தெரியும். நான் யார் வீட்டுக்காரன் என்பது தெரியாது.

சலூன் டிவியில் குவாரி வழக்குச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வருவதற்கு ஒரு வருடம் முன்பு, ஊருக்கு மேற்கே ஒரு கல் குவாரியில், ஆட்களை அப்புறப்படுத்தாமலே வெடி வைத்ததில் ஜல்லி பொறுக்கிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். யாரோ போனில் எடுத்த வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. உரிமையாளர் பெரிய புள்ளி. அவர், அவருடைய மேனேஜர், வெடி வைத்த ஆள் என மூன்று பேர் மீதும் வழக்கு. அது என் மனைவியின் கோர்ட்டுக்கு விசாரணைக்கு வந்திருக்கிறது என்று செய்தி வாசித்தவர் சொன்னார்.

பக்கத்து நாற்காலியில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "அந்த பொம்பள ஜட்ஜா? அதுக்கு இன்னா வயசு இருக்கும்?"

"முப்பத்தஞ்சு, முப்பத்தாறு இருக்கும்ணே," என்றார் கடைக்காரர். "போன வருசம் வரைக்கும் வரப்புத் தகராறு, வாய்க்கா தகராறுதான் பாத்துக்கினு இருந்துச்சாம். இப்பதான் புரமோசன்ல வந்துருக்குது."

"மூணு உசுரு போன கேசுய்யா. மெட்ராஸ்லருந்து பெரிய வக்கீல் வருவான். அவன் நாலு கேள்வி கேட்டா இது இன்னா பண்ணும்?"

"அழுதுடும்," என்று பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சொல்ல, கடையே சிரித்தது.

கடைக்காரர் என் தாடையைத் தூக்கி, "சார், ஆடாதீங்க. கத்தி பட்டுடும்," என்றார். நான் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது பயம். அவர்கள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஒரு மாதமாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேசையில் சட்டப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் போல அவள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான். கொலைக் குற்றத்துக்கு ஒரு படி கீழே வரும் இந்த மாதிரி வழக்கை அவள் அதுவரை ஒன்றுகூட நடத்தியதில்லை.

வழக்குகளைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்பது கல்யாணமான புதிதில் அவள் போட்ட சட்டம். நான் கோர்ட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் நான் மீறியதில்லை. ஆனால் அடுத்த வாரமே அவளாகவே ஒரு விஷயத்தைச் சொல்லும்படி ஆயிற்று, பேப்பரிலேயே வந்துவிட்டதால்.

செத்துப்போன பெண்களில் ஒருத்தியின் புருஷன் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தார். வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்ற வேண்டும், இப்போது விசாரிக்கும் நீதிபதிக்கு இந்த மாதிரி வழக்கில் அனுபவம் இல்லை, எதிர்த் தரப்பின் பலத்துக்கு முன்னால் அவரால் நிற்க முடியாது என்பது மனு.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் மேலே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். எதிரே ராஜகிரிக் கோட்டை மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"குவாரிக்காரங்க போட்டிருந்தா எனக்கு ஒண்ணுமில்லைங்க," என்றாள். "பொண்டாட்டியப் பறிகொடுத்தவரு போட்டிருக்காரு. என்னைப் பாத்து அவருக்குப் பயமா இருக்குது."

"நீ என்ன பண்ணப் போற?"

"என் பதில் என்னன்னு கேட்டு அனுப்பியிருக்காங்க. எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"மனுதாரர் சொல்றது உண்மை. இதுக்கு முன்னாடி இப்படி ஒரு வழக்க நான் நடத்துனதில்ல. மேல உள்ளவங்க எப்படி உத்தரவு போட்டாலும் சரின்னு எழுதினேன்."

"அவ்வளவுதானா? ஒன்பது வருஷம் வேலை பாத்தத எழுதலாமில்ல?"

"அவரு அதக் கேக்கலையே," என்றாள்.

உள்ளுக்குள் நான் வேண்டிக்கொண்டது என்னவென்றால், அந்த மனுவை ஏற்றுக்கொண்டு வழக்கை எங்காவது கொண்டுபோய்விட வேண்டும் என்பதுதான். அவளிடம் அதைச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மனு தள்ளுபடியானது. புதியவர் என்பது மட்டுமே ஒரு நீதிபதியிடமிருந்து வழக்கை எடுக்கக் காரணம் ஆகாது என்று உத்தரவு வந்ததாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அன்றைக்கு டிவி விவாதத்தில் ஒருவர், "இது என்ன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியா?" என்று கேட்டார். மகள் எதிரில் உட்கார்ந்து ஓவியம் தீட்டிக்கொண்டிருந்ததால் நான் சத்தத்தைக் குறைத்தேன்.

சாட்சி விசாரணை ஆரம்பிக்க ஒரு வாரம் இருந்தபோது அமாவாசை வந்தது. அமாவாசைக்குச் செஞ்சி வேறு ஊராகிவிடும். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் கூட்ரோட்டிலிருந்து வரிசை கட்டி நிற்கும். வேனிலும் ஆட்டோவிலும் எலுமிச்சை மாலையோடு ஜனங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். நான் ஸ்கூட்டரோடு இரண்டு பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பள்ளிக்கூடம் விட்டு இருபது நிமிடம் கழித்துத்தான் போய்ச் சேர முடிந்தது.

வாசலில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. என் மகள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம். அவளுடைய பையை அவர் தோளில் மாட்டியிருந்தார்.

நான் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடாமலே இறங்கிவிட்டேன். அது சாய்ந்து விழுந்தது. அவரே ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்.

"பதறாதீங்க சார். அம்மாவாச டிராபிக்கு, லேட்டாதான் வருவீங்கன்னு தெரியும். பாப்பா தனியா நிக்குதேன்னு துணைக்கு நின்னேன். மூணாவது பி செக்சன் தானே?"

"நீங்க யாரு?"

"ஊருக்காரன்தான் சார்." பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மேடம் நல்லவங்கன்னு எல்லாரும் சொல்றாங்கோ. ஆனா புதுசு. இவ்ளோ பெரிய கேசு அவங்களுக்கு எதுக்கு சார் டென்சன்? அனுபவம் இல்லேன்னு ஊரே பேசுது. அவங்களே மேல எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கினா மரியாதையாப் போயிடும். எல்லாருக்கும் நல்லது. குழந்த இருக்குற வீடு."

குரலில் அதட்டல் இல்லை, முகத்தில் கடுமை இல்லை. மகளின் தலையைத் தடவி, "வரட்டா பாப்பா," என்று சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து கூட்டத்தோடு போய்விட்டார்.

"அந்தத் தாத்தா உனக்கு ஏதாவது குடுத்தாரா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. எங்க வீடு எதுன்னு கேட்டாரு. நான் சொல்றதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு, பச்ச கேட்டு வீடுதானேன்னு."

 ஸ்கூட்டரில் மகளைப் பின்னால் உட்காரவைக்காமல் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு போனேன். "நான் பெரிய பொண்ணுப்பா, கால் இடிக்குது," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கு நான் செய்ததை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த ஆளைப் பற்றி என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஒதுங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மிரட்டினார்கள் என்றால் அதற்காகவே அந்த வழக்கில் உட்காருவாள். அதனால் வேறு வழியில் போனேன். அவள் கோர்ட்டிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காத. இந்தக் கேஸுக்கு உனக்கு அனுபவம் போதும்னு நீ நினைக்கிறியா?"

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

"யாரும் இல்ல. நானாத்தான் கேக்குறேன். நீ தப்பா ஒரு உத்தரவு போட்டுட்டா, மேல்கோர்ட்டுல அதையே காரணமா வச்சு அவனுங்க வெளிய வந்துடுவானுங்க. செத்துப்போனவங்களுக்கு அது துரோகம் இல்லையா? உன்னைவிடச் சீனியர் யாராவது பாக்கட்டுமே. நீயே எழுதிக் குடு. கௌரவமாப் போயிடும்."

அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் வார்த்தைகளையே கொஞ்சம் படித்தவன் நடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று பேசி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள், "ஊர்ல எல்லாரும் பேசுறது எனக்குத் தெரியும்," என்றாள். "வக்கீலுங்க என் முதுகுக்குப் பின்னாடி சிரிக்கிறாங்க. பெஞ்ச் கிளார்க்குகூட நான் ஏதாவது சொன்னா, 'முன்ன இருந்த ஐயா இப்படிப் பண்ணமாட்டாரும்மா'ங்கிறாரு. வீட்டுக்கு வந்தா அது இருக்காதுன்னு நினைச்சேன்."

எழுந்து போய் மகளுக்குத் தலை பின்னிவிட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது அரிசி, கேஸ் சிலிண்டர், பிள்ளையின் வீட்டுப்பாடம், இவ்வளவுதான்.

பயம் ஒரு வேலையாகவே ஆகிவிட்டது எனக்கு. காலையில் வாசல் கேட்டைத் திறக்குமுன் மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்துக்குத் தினம் ஒரு வழியில் போவேன். வேளாண் விற்பனைக் கூடத்துக்கு வெளியே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் நிற்கிற தெரு வழியாகப் போனால் தப்பிக்கச் சந்து கிடைக்காது என்று அதைத் தவிர்ப்பேன். பள்ளி விடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய் வேப்பமரத்தடியில் நிற்பேன். மெய்ப்புப் பார்க்கிற பக்கங்களில் பிழைகள் தப்பிப் போக ஆரம்பித்தன. பதிப்பகத்திலிருந்து போன் செய்து, "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார்கள்.

சாட்சி விசாரணை ஆரம்பித்து மூன்று வாரம் ஆனபோது, முக்கியமான சாட்சியை விசாரிக்கிற நாளில், பத்து வருடமாகக் காத்துவந்த சட்டத்தை மீறிக் கோர்ட்டுக்குப் போனேன். அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று பார்க்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த வெள்ளைச் சட்டைக்காரர் அங்கே இருக்கிறாரா என்று பார்க்கத்தான் போனேன்.

கூடம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மேடையில் அவள் எனக்குத் தெரியாத யாரோ மாதிரி இருந்தாள். கறுப்பு அங்கியில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள்.

கூண்டில் நின்றவர், வெடியில் கால் போய்ப் பிழைத்த ஒரு கூலிப்பெண். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "வெடி வெக்கிறவரு, ஆளுங்க கீழ இருக்குறாங்கன்னு சொன்னாரு. மேனேஜரு போன்ல ஓனர்கிட்ட கேட்டாரு. போன் சத்தமா இருந்துச்சு. 'நேரமாவுது, வெடி'ன்னு அவரு சொன்னது என் காதுல உழுந்துச்சு."

சென்னையிலிருந்து வந்த மூத்த வக்கீல் எழுந்தார். குறுக்கு விசாரணை. முதலில் போனைப் பற்றிக் கேட்டார். பிறகு மெல்லத் திரும்பி, புருஷனை விட்டு ஏன் தனியாக இருக்கிறாய் என்றார். மேஸ்திரி வீட்டுக்கு எதற்குப் போய்வருவாய் என்றார். ராத்திரியிலும் போவாயா என்றார். அந்தப் பெண் கூனிப்போய்விட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.  சலூனில் கேட்ட சிரிப்பு மறுபடி கேட்பது போல இருந்தது. ஊர் சொன்னது சரி, இவளால் முடியவில்லை என்றே நினைத்தேன்.

பிறகு அவள் நிமிர்ந்தாள். "இந்தக் கேள்விகளுக்கும் வெடிக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். குரல் மெலிதாக நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

வக்கீல் சிரித்துக்கொண்டே, "சாட்சியின் நம்பகத்தன்மையைச் சோதிக்கிறேன் அம்மா. இந்த மாதிரி விசாரணைகளில் இது வழக்கமான நடைமுறை. கோர்ட்டுக்குப் புதிதாக இருக்கலாம்," என்றார்.

முன்வரிசை வக்கீல்கள் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். 

"புதிதுதான்," என்றாள் அவள். "அதனால் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். நீங்கள் எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள்?"

அவர் ஒரு பிரிவைச் சொன்னார். அவள் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பிரிவை நிதானமாக வாசித்தாள். அதற்கடுத்த பிரிவையும் வாசித்தாள். அநாகரிகமான கேள்விகளைக் கோர்ட்டு தடுக்கலாம் என்று அதில் இருந்தது. மூன்று கேள்விகளையும் பதிவிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். சாட்சிக்கு நாற்காலி போடச் சொன்னாள். வக்கீல் ஆட்சேபத்தைப் பதிவுசெய்யக் கேட்டார். "பதிவு செய்கிறேன்," என்று அவர் சொல்லச் சொல்ல வரிக்கு வரி எழுதவைத்தாள். அதற்கே அரை மணி நேரம் ஆனது. முன்வரிசை வக்கீல்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நான் மூச்சு விட்டுக்கொண்டு வெளியே போகத் திரும்பினேன். கதவோரம் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நின்றிருந்தார். குவாரி உரிமையாளரின் மேல்துண்டும் தண்ணீர் பாட்டிலும் அவர் கையில் இருந்தன. என்னைப் பார்த்துத் தலையசைத்து, "வணக்கம் சார்," என்றார். கொஞ்சம் நகர்ந்து எனக்கு வழிவிட்டார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது நான் முன்பே அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அவள் எதையும் கவனிக்காதவள் போல, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள்: "நேத்து ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. முதல் கேள்வியிலயே நிறுத்தியிருக்கணும். சட்டத்துல இடம் இருக்குதான்னு எனக்குச் சந்தேகம். தேடிக்கினு இருந்தேன். அதுக்குள்ள அந்தம்மா மூணு கேள்வி தாங்கிட்டாங்க. அனுபவம் இருக்குறவங்கன்னா தேடியிருக்கமாட்டாங்க."

"அப்புறம் நிறுத்தினியே," என்றேன்.

அவள் தலை நிமிர்ந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட்டுக்கு வந்தது, அமாவாசையன்று பள்ளிக்கூட வாசல், பச்சை கேட், கதவோரம் போட்ட வணக்கம்.  அவள் எழுந்து நேரே மகள் படுத்திருந்த அறைக்குப் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்ப அனுபவம் போதுமான்னு நீங்க கேட்டது...?"

"பயத்துல கேட்டது."

"முழுசும் பயம்தானா?"

அவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம் சந்தேகமும் இருந்துச்சு," என்றேன்.

"எனக்கும் இருக்குது," என்றாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா சாட்சி விசாரணைக்கு முன்னாடியே நான் தெரியப்படுத்தியிருப்பேன். இப்ப ஒரு மாசம் மறைச்ச மாதிரி ஆயிடுச்சு. புள்ளையோட உசுர வச்சிக்கினு நீங்களா ஒரு முடிவு பண்ணியிருக்கீங்க." அவள் என்னைப் பார்த்து அப்படிக் கத்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்று காலை பத்து மணிக்குள் மாவட்ட நீதிபதிக்கு எழுத்தில் எல்லாவற்றையும் அனுப்பினாள். தன் கணவர் சொல்லத் தாமதித்தார் என்பதையும் மறைக்காமல் எழுதினாள். தான் தொடர்ந்து இந்த வழக்கை விசாரிப்பது சரியா என்பதையும் தாங்களே முடிவுசெய்ய வேண்டும் என்று கடைசி வரியில் கேட்டிருந்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது. வழக்கு அவளிடமே இருக்கட்டும், வீட்டுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்படும்.

போலீஸ் அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரித்தது. தனியாக நின்ற குழந்தைக்குத் துணைக்கு நின்றேன், வேறென்ன செய்தேன் என்றாராம். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் படித்தபோது எதுவுமே மிரட்டலாகத் தெரியவில்லை. எழுதி வாங்கிய இன்ஸ்பெக்டரே, "பேச்சு பூரா நல்லா மரியாதையாதான் இருக்குது சார்," என்று பேனாவை மூடினார்.

துப்பாக்கியோடு ஒரு காவலர் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார். அனந்தபுரத்துக்காரர். சாப்பிடக் கூப்பிட்டால், "பரவால்லீங்க சார்," என்று முதலில் மறுத்துவிட்டுப் பிறகு வருவார். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அவரும் நானும் சேர்ந்து கூட்டிப்போனோம். அவளோடு விளையாட வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவது நின்றுபோனது. சலூனில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. "வாங்க சார்," என்று கடைக்காரர் துண்டை உதறிப் போர்த்துவார், அத்தோடு சரி.

விசாரணை எட்டு மாதம் இழுத்தது. இன்னும் மூன்று முறை, கோர்ட்டுக்கு அனுபவம் இல்லை என்ற பொருளில் மனுக்கள் வந்தன. இரண்டு எதிர்த் தரப்பிலிருந்து, ஒன்று யாரென்றே தெரியாத ஒரு மொட்டைக் கடிதம். அவள் தினமும் ஐந்து மணிக்கு எழுந்தாள். கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் பழையபடி கோர்ட்டுப் பக்கம் போகவில்லை.

தீர்ப்பு நாளன்று மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு அவளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் நானே இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். பதினொன்றரை மணிக்கு வாசலில் இருந்த காவலர் போனைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்கு வந்தார்.

"சார், ஓனருக்கு ஏழு வருசம். மேனேஜருக்கு அஞ்சு. வெடி வெச்சவன உட்டுட்டாங்க."

ஆட்கள் இருக்கிறார்கள் என்று எச்சரித்தவன், மேலிருந்து வந்த உத்தரவை மறுக்க முடியாத கூலி என்று காரணம் எழுதியிருந்தாள். அதையும் பேப்பரில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று மதியம் போலீஸ் ஜீப் முன்னும் பின்னும் வர அவள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தாள். நான் கதவைத் தட்டவில்லை.

பயம் அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மேல்முறையீடு போட்டு, தண்டனையை நிறுத்திவைத்து, ஆறே வாரத்தில் உரிமையாளர் ஜாமீனில் வெளியே வந்தார். கூட்ரோட்டில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் வீடு வரை கேட்டது. காவலர் எழுந்து நின்றுகொண்டார். மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெரிய பொண்ணு என்று சொல்லிக்கொள்பவள்.

அதற்குச் சில நாள் கழித்து, பஸ் நிலையத்துக்கு எதிரே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். மெலிந்த ஒருவர் வந்து நின்றார். வல்லம் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் போல. கையில் விதை வேர்க்கடலைப் பை.

"சார், ஜட்ஜம்மா வூட்டுக்காரரு நீங்கதானே?"

 காவலர் இரண்டு கடை தள்ளி நின்றார். அவரைத் தேடி என் கண் ஓடியது.

"பயப்படாதீங்க. மாத்தச் சொல்லி மனு போட்டது நான்தான். என் பொஞ்சாதிதான் அதுல போனது."

நான் கத்தரிக்காய்ப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"அந்தம்மாகிட்ட நான் பேசக்கூடாதுன்னு வக்கீலு சொன்னாரு. அதான் உங்ககிட்ட. வெடி வெச்சவன உட்டது எனக்கு மனசு ஆறல சார். அவனுக்குக் கை கால் இல்லியா, முடியாதுன்னு சொல்றதுக்கு? ஆனா அந்த நொண்டிப் பொண்ணுக்கு நாற்காலி போடச் சொன்னத நான் பாத்துக்கினுதான் இருந்தேன்." பையைக் கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். மேல்கோர்ட்டுல இது நிக்குமா? அவங்க புதுசு. எழுதுனதுல எதுனா கோளாறு இருந்து, அத்த புடிச்சிக்கினு அவனுங்க தப்பிச்சிடுவானுங்களா?"

நான் அவளிடம் சாப்பாட்டு மேசையில் சொன்ன அதே வாதம். அன்று அதை நான் ஒரு சாக்காகச் சொன்னேன். இவருக்கு அது சாக்கு இல்லை. ராத்தூக்கம் கெடுக்கிற கேள்வி.

"தெரியலைங்க," என்றேன். "அவளுக்கும் அந்தப் பயம் இருக்குது. ஒவ்வொரு வரியையும் நாலு தடவ படிச்சிட்டுத்தான் எழுதினா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் ஆறுதல் எதிர்பார்த்து வந்தவராகத் தெரியவில்லை. "சரி சார்," என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த கோடை விடுமுறையில் எங்களுக்கு வழக்கமான மாற்றல் வந்தது. இப்போது இருப்பது கடலோரத்து ஊர். காவலர் இல்லை. மேல்முறையீடு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. பேப்பரில் எங்காவது செஞ்சி என்று பார்த்தால் அவள் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, நான் இல்லாதபோது எடுத்துப் படிக்கிறாள். நான் இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய் நிற்கிறேன். வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட யாராவது நின்றால், அவர் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் கண்ணை எடுப்பதில்லை.